ஒதுங்கிய மலை, போகவர 24 கி.மீ. – ஒரே நாளில் முடியுமா?

நடைராசா:
வண்டிச் சாலை 200 மீட்டர் உயரத்தில் முடிகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கில் 8 கி.மீ. நடை, ஏற்றம் 100 மீட்டர்தான். 6-வது கிலோமீட்டரில் பாலமில்லாத ஓடை ஒன்று. பள்ளத்தாக்கு முடிந்ததும் பாதை கிடையாது, 4 கி.மீ.யில் 900 மீட்டர் ஏறினால் உச்சி. திரும்புவதும் அதே வழி. இரண்டு பேர் போகிறோம். மணிக்கு 5 கி.மீ. என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம் வருகிறது. காலை 9-க்குக் கிளம்பினால் 6.15-க்கு இருட்டுவதற்குள் தாராளமாக வந்துவிடலாம் இல்லையா? போன் சிக்னல் இருக்காது. வேறென்ன கவனிக்கணும்?

ஒற்றையடி:
உங்கள் கணக்கில் ஏற்றத்தையே காணோமே! 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்ரிக்கில் அது: 5 கி.மீ.க்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி.

போகும்போது 12 கி.மீ.க்கு 2 மணி 24 நிமிடம், 1,000 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி 40 நிமிடம். பாதையில்லாத 4 கி.மீ.யை மணிக்கு 3 கி.மீ.க்கு மேல் நடக்க முடியாது, அதற்கு 32 நிமிடம் சேருங்கள். ஆக 4 மணி 36 நிமிடம். மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு சேர்த்தால் 5 மணி 20 நிமிடம்.

இறக்கத்தில் நேரம் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். சரிவு 12 டிகிரிக்கு மேல் போனால் 300 மீட்டர் இறக்கத்துக்குப் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். உங்களுடையது சராசரி 12-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. ஓய்வோடு சேர்த்து 4 மணி ஆகும்.

மொத்தம் 9 மணி 20 நிமிடம். 9-க்குக் கிளம்பினால் வண்டிக்கு வருவது 6.20. வழி தவறாமல், கால் சுளுக்காமல், ஓடை வழிவிட்டால்! வெளிச்சம் வந்ததும் 6 மணிக்கே கிளம்புங்கள், உச்சி 11.20. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் திரும்பும் நேரத்தை இப்போதே எழுதி வையுங்கள். 2.15 கடைசி எல்லை, நானாயிருந்தால் 1.30 என்று வைப்பேன். வேகம் எப்போதும் இருவரில் மெதுவானவருடையதுதான்.

கருங்கல்:
எல்லாரும் உச்சியையே பார்க்கிறார்கள். இந்தத் திட்டத்தின் கழுத்து அந்த ஓடை. காலையில் கணுக்கால் அளவு தண்ணீராக இருக்கும். மேலே இரண்டு மணி நேரம் மழை கொட்டினால் மாலையில் இடுப்பளவு ஓடும். பனி உருகி வரும் ஓடையென்றால் மழையே வேண்டாம், பிற்பகல் வெயிலே போதும்.

கடக்கும் இடம் குறுகலாக இருந்தால் நல்லது என்று தோன்றும். அது தப்பு, குறுகிய இடத்தில்தான் ஆழமும் வேகமும் அதிகம். அகலமாகப் பரந்து, பல கால்களாகப் பிரிந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். வளைவின் வெளிக்கரை ஆழம். கீழே அருவியோ பாறை நெருக்கடியோ இருந்தால் அந்த இடமே வேண்டாம். ஷூவைக் கழற்றாதீர்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். நீரோட்டத்தைப் பார்த்தபடி கம்பை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஊன்றலை மட்டும் நகர்த்துங்கள்: கம்பு, ஒரு கால், மறு கால். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள்.

போகும்போது கரையோரக் கல் ஒன்றில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஏறியிருந்தால் மறுகரையிலேயே இரவு தங்கத் தயாராக இருக்கணும். மழை நின்றால் சிறு ஓடைகள் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

முகில்மேடு:
வரைபடம் பற்றி யாரும் பேசவில்லையே. 1:50,000 அளவில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர். சம உயரக்கோடுகளுக்கு இடைவெளி 20 மீட்டர் என்றால், 15 மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். பாதையில்லாத பகுதிக்கு 1:25,000 கிடைத்தால் விடாதீர்கள்.

ஆட்கள் வழி தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது எந்த முகட்டில் போனாலும் கடைசியில் உச்சியில்தான் சேரும். இறங்கும்போது அதே முகடுகள் கிளை பிரியும், மூடுபனியில் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். உச்சியில் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் இறங்கும் திசையைக் காம்பஸில் வைத்துவிடுங்கள். காந்த விலக்கத்தை (காம்பஸ் முள் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) கூட்டணுமா கழிக்கணுமா என்பதை வீட்டிலேயே பார்த்து வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். 5 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 87 மீட்டர் விலகிப் போவீர்கள். போனையும் காம்பஸையும் ஒரே பாக்கெட்டில் போடக் கூடாது. போனிலும் அதன் உறையிலும் இருக்கும் காந்தம் முள்ளையே திருப்பிப் போட்டுவிடும், வடக்கு தெற்காகிவிடும்.

வழி தவறினால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே இறங்கலாம் என்ற யோசனை வேண்டாம். ஓடை அருவிக்கும் கிடுகிடு பள்ளத்துக்கும்தான் கூட்டிப்போகும்.

நடைராசா:
அருமை, 6 மணிக்கே கிளம்புகிறோம். டென்ட் எடுத்துப்போய் இரண்டு நாளாக்கினால் பாதுகாப்பா? என்னென்ன எடுக்கணும்?

ஒற்றையடி:
இரண்டு நாள் என்றால் 8-வது கி.மீ.யில் டென்ட் போட்டு, கனத்தை அங்கேயே விட்டுவிட்டு உச்சிக்குப் போகலாம். ஓடைப் பிரச்சினை தீராது, ஆனால் அவசரம் போய்விடும். மழை வாய்ப்பு இருந்தால் அதுதான் என் தேர்வு.

கருங்கல்:
நான் ஒரே நாளுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். டென்ட், தூக்கப்பை, அடுப்பு எல்லாம் முதுகில் ஏறினால் ஓடையைக் கடக்கும்போது சமநிலை போகும்.

எப்படிப் போனாலும் ஆளுக்கொரு ஹெட்லேம்ப், மாற்று பேட்டரி. ஒன்றை இருவர் பகிர்வது வேலைக்காகாது. பருத்தி உடை வேண்டாம்: நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும், காற்று அடித்தால் உடம்புக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். நகர முடியாமல் போனால் உட்கார, ஆள் உள்ளே நுழையும் அளவு கனமான பிளாஸ்டிக் பை ஆளுக்கொன்று; மெல்லிய பளபளப்புத் தாள் காற்றில் கிழிந்துவிடும். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், ஓடையில் நிரப்ப வடிகட்டி. போனை ஏரோப்ளேன் மோடில், உள்சட்டைப் பாக்கெட்டில். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

முகில்மேடு:
விசிலும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்ப ஊதணும். பதில் மூன்று ஊதலாக வரும். பதில் வந்த பிறகும் நிறுத்தாதீர்கள், ஆள் இடத்தைக் கண்டுபிடிக்கணுமே.

வீட்டில் விட்டுப்போகும் சீட்டில் வழி, வண்டி எண், இருவர் பெயரோடு இரண்டு நேரம் எழுதுங்கள். ஒன்று திரும்பும் நேரம், 6 மணிக் கிளம்பலுக்கு 3.30. இன்னொன்று மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டிய நேரம், இரவு 9 மணி போல. இரண்டாவதை எழுதாவிட்டால், கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்தே வீட்டில் இருப்பவர்கள் விடிய வைத்துவிடுவார்கள். சிக்னல் கிடைத்த உடனே முதல் போன் அவர்களுக்குத்தான்.