சுருள் கல்: அம்மோனைட்டா, நாட்டிலஸ் வகையா?

அரியலூர் பக்கம் மனையை மேடாக்க அடித்த கிராவல் லோடில் ஒரு சுருள் புதைபடிவம் கிடைத்தது. குறுக்களவு 9 செ.மீ., பழுப்பு நிறம். மண் எந்தக் குழியில் வெட்டியது என்று லாரிக்காரருக்கே தெரியவில்லை. சிக்கலே அதுதான்.

இந்த வட்டாரத்தில் கீழே கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) பாறை, நின்னியூர்ப் பக்கம் அதற்கு மேலே பேலியோசீன் (அதற்கு அடுத்த காலம்). அம்மோனைட் (அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிர்) என்றால் கிரெட்டேசியஸ், அதாவது 6.6 கோடி ஆண்டுக்கு முந்தையது என்று சொல்லிவிடலாம். அதேபோல் சுருள் ஓடுள்ள நாட்டிலஸ் இனமோ இன்றும் கடலில் நீந்துகிறது, அதை வைத்து என்ன காலம் சொல்வது?

பழைய பல் பிரஷால் தேய்த்துப் பார்த்தேன். வினிகர் விட்டால் நுரைக்கிறது. சரி, சுண்ணாம்பு, அவ்வளவுதான். ஓட்டின் உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்பின் கோடு ஒரே இடத்தில் மங்கலாகத் தெரிகிறது. லேசான வளைவுதான், அம்மோனைட்டின் சிக்கலான நெளிவு இல்லை. ஆனால் மேற்பரப்பு ஆழமாகத் தேய்ந்தால் நெளிவும் எளிதாகிவிடும் என்பதால் அதை நம்பவும் முடியவில்லை. அறைகளை இணைக்கும் குழல் வெளி விளிம்பை ஒட்டி ஓடினால் அம்மோனைட், உள்ளே தள்ளி இருந்தால் நாட்டிலஸ். உடைந்த முனையில் களிமண் கல்லாக இறுகி, அதையும் மறைக்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன்.

கல்லை அறுக்காமல் அந்தக் குழல் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?