இயற்கணிதத்தின் தொடக்கம் பாக்தாதா, பிரம்மகுப்தரா?

தறியோசை எழுதியது:
அல்-குவாரிஸ்மியை ‘இயற்கணிதத்தின் தந்தை’ என்று பாடநூல்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கலீஃபா அல்-மாமூன் காலத்துப் பாக்தாதில் அவர் ஏறத்தாழ 820இல் தம் நூலை எழுதுவதற்கு இரு நூற்றாண்டுகள் முன்பே, 628இல், இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இருபடிச் சமன்பாட்டுக்கு விதி தந்ததோடு, செல்வம், கடன் என்ற பெயர்களில் மிகை, குறை எண்களுக்கும், கூடவே சுழியத்துக்கும் கணக்கு முறைகளை வகுத்துவிட்டார். எண்குறிகளும் இந்தியாவிலிருந்தே சென்றன. பிறகு பெருமை மட்டும் ஏன் அங்கே போகிறது?

கணக்காசிரியர் எழுதியது:
எண்குறிகளைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அல்-குவாரிஸ்மியின் எண்கணித நூல் லத்தீன் வடிவில்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதிலேயே ஒன்பது குறிகளும் இந்தியர்களுடையவை என்று சொல்லப்பட்டிருக்கிறது. அவர் பெயரின் லத்தீன் உச்சரிப்பிலிருந்துதான் ‘அல்காரிதம்’ வந்தது.

ஆனால் இயற்கணிதத்துக்கென அவர் எழுதிய ‘அல்-ஜப்ர்’ நூல் வேறு. அதில் கணக்குகள் எல்லாம் சொற்களிலேயே நடக்கின்றன. ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைச் சேர்த்தால் 39 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதை 39உடன் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5ஐக் கழித்தால் விடை 3. இதுவரை வெறும் செய்முறைதான். அடுத்து அவர் ஒரு சதுரம் வரைந்து, அதன் அடுத்தடுத்த இரு பக்கங்களில் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டவைக்கிறார். மூலையில் ஐந்துக்கு ஐந்து இடம் வெறுமையாக நிற்கிறது. அதை நிரப்பத்தான் அந்த 25. இதை வகுப்பில் வரைந்து காட்டிய ஒவ்வொரு முறையும் மாணவர்களின் முகம் மலர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

தறியோசை எழுதியது:
பாதியாக்கி, வர்க்கப்படுத்தி, கூட்டும் இதே படிகளை ஏறத்தாழ கி.மு. 1800ஐச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் காண்கிறோம். அதோடு, அதே கணக்குக்கு −13 என்ற விடையும் உண்டு: 169இலிருந்து 130ஐக் கழித்தால் 39. அது அவர் நூலில் இல்லை.

வழிப்போக்கன் எழுதியது:
பிரம்மகுப்தரை அவர் அறிந்திருந்தாரா?

கணக்காசிரியர் எழுதியது:
பிரம்மகுப்தரின் நூலோடு தொடர்புடைய இந்திய வானியல் 770களிலேயே அரபு மொழிக்கு வந்துவிட்டது. ‘சிந்துஹிந்த்’ என்ற அந்த மரபில் அல்-குவாரிஸ்மியே அட்டவணைகள் தொகுத்திருக்கிறார். அப்படியிருந்தும் குறை எண்களை அவர் ஏற்காததால், சமன்பாடுகளை ஆறு வகைகளாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. இது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழிபட்டதை மறுபக்கத்தில் கூட்டி ஈடுசெய்வது அல்-ஜப்ர், இருபுறமும் உள்ள ஒத்தவற்றை நீக்குவது முகாபலா என்று வகுத்து, சொத்துப் பங்கீடு வரையிலான எந்தக் கணக்கையும் அந்த ஆறில் ஒன்றுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் காரணமும் காட்டி, அதைத் தனியொரு துறையாக நிறுத்தியவர் அவரே. 1145இல் ஸ்பெயினின் செகோவியாவில் லத்தீனுக்குச் சென்ற நூலும் அதுதான்.

தறியோசை எழுதியது:
சதுரத்தை ஏற்கிறேன், ‘தந்தை’ என்ற சொல்லை இன்னும் ஏற்கவில்லை. அடுத்த முறை அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரையும்போது, பக்கத்தில் −13ஐயும் எழுதி, கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்று பிரம்மகுப்தர் வகுத்த விதியையும் சொல்லுங்கள்.