எம்ஜிபி 1972 (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்): 3ஆம் சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. ஹெட் காஸ்கெட்டா, வால்வா?

கேள்வி:
1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிறது. சூட்டில் எடுத்த கம்ப்ரஷன்: 160, 155, 95, 158 பிஎஸ்ஐ. 3ஆவதை கம்ப்ரஷன் டிடிசியில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிறுத்தி 100 பிஎஸ்ஐ காற்று கொடுத்தால் 40% கசிகிறது. சைலன்சர் குழாயில் சீறல் கேட்கிறது, 2ஆம் பிளக் துளையிலும் காற்று வருகிறது. 2க்கும் 3க்கும் நடுவே ஹெட் காஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலான தகடு) போய்விட்டதா? ஹெட்டைக் கழற்றட்டுமா?

பதில் 1:
இப்போதைக்கு வேண்டாம். அந்த இடத்தில் காஸ்கெட் போயிருந்தால் 2, 3 இரண்டுமே விழுந்திருக்கும். 2இல் 155 நிற்கிறதே!

இந்த எஞ்சினின் (பி சீரிஸ்) ஹெட்டில் 2க்கும் 3க்கும் எக்ஸாஸ்ட் போர்ட் ஒன்றுதான் (அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்). எரியும் வரிசை 1-3-4-2. 3ஆவது கம்ப்ரஷன் டிடிசியில் நிற்கும்போது 2ஆவதன் இரண்டு வால்வுகளும் லேசாகத் திறந்திருக்கும். 3இன் எக்ஸாஸ்ட் வால்வு கசிந்தால், காற்று பொதுப் போர்ட் வழியாக 2க்குள் புகுந்து பிளக் துளையில் வந்துவிடும்.

உறுதி செய்ய: முன்பக்கத்திலிருந்து 4ஆம் வால்வின் (2இன் எக்ஸாஸ்ட்) டேப்பட் ஸ்க்ரூவை, அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் திருகைத் தளர்த்தி, அந்த வால்வை முழுதாக மூடவிடுங்கள். 2ஆம் துளையில் சத்தம் நின்று சைலன்சரில் தொடர்ந்தால் காஸ்கெட் குற்றமில்லை. ராக்கர் ஷாஃப்டை (வால்வுகளை அமுக்கும் கைகள் அமர்ந்த தண்டு) கழற்றாதீர்கள். அதன் நட்டுகளில் நான்கு ஹெட்டையும் பிடிப்பவை. தளர்த்தினால் நல்ல காஸ்கெட்டும் கெடும்.

பதில் 2:
கம்ப்ரஷன் எடுக்கும்போது நான்கு பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுத் திறப்பு, எஸ்யூ கார்புரேட்டர்களின் பிஸ்டன்கள் தூக்கிய நிலை, பேட்டரி முழு சார்ஜ். இதில் ஒன்று குறைந்தாலும் நான்கு அளவும் சேர்ந்து இறங்கும். அடுத்து 3இல் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்தான் கோளாறு. லீக் டெஸ்டில் ரிங் கசிவு எண்ணெய் ஊற்றும் மூடியில் கேட்கும். தண்ணீர்ப் பக்கம் காஸ்கெட் போயிருந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும். காற்று பிஸ்டனைத் தள்ளும். கியர் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்து வையுங்கள், ஃபேன் பக்கம் கை வேண்டாம்.

கேட்டவர்:
எண்ணெய் விட்டும் 100தான். 4ஆம் வால்வை மூடியதும் 2ஆம் துளை அமைதி. சைலன்சரில் சீறல் அப்படியே. 5ஆம் வால்வில் 2 தௌ (0.002 அங்குலம்) ஃபீலர் தகடுகூட நுழையவில்லை.

பதில் 1:
அதுதான் 3இன் எக்ஸாஸ்ட். இடைவெளி 15 தௌ (0.38 மிமீ) இருக்க வேண்டும். ஈயமில்லா பெட்ரோலில் ஓடும்போது பழைய வார்ப்பிரும்பு சீட் (வால்வு உட்காரும் இடம்) தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் ஏறிக்கொண்டே போகும். இடைவெளி தீர்ந்ததும் சூட்டில் வால்வு மூடாது, விளிம்பு எரியும்.

எஞ்சின் ஆறியபின் ஒன்பது விதிப்படி (திறந்த வால்வு, சரிசெய்யும் வால்வு இரண்டின் எண்களும் கூட்டினால் 9) வையுங்கள்: 4 முழுதாகத் திறந்திருக்கையில் 5, 5 திறந்திருக்கையில், நீங்கள் தளர்த்திய 4. பிறகு சூடாக்கி, கம்ப்ரஷனும் லீக்கும் மறுபடி.

கேட்டவர்:
125 பிஎஸ்ஐ, கசிவு 25%. சைலன்சர் சீறல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

பதில் 1:
அப்படியானால் விளிம்பு எரிந்துவிட்டது. இனி ஹெட்டை இறக்கலாம். வெறும் லேப்பிங்கோடு (வால்வை சீட்டில் தேய்த்துப் பொருத்துவது) விட்டால் சீட் மறுபடி தேயும். நான்கு எக்ஸாஸ்டுக்கும் கடினச் சீட் போட்டு வால்வுகளை மாற்றச் சொல்லுங்கள். அதற்கு முன், 2, 3 எக்ஸாஸ்ட் சீட்டுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்; நடுப் போர்ட்தான் அதிகம் கொதிக்கும். பூட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக 45 முதல் 50 பவுண்டு-அடி வரை முறுக்குங்கள்.