ஒரே நாளில் வஹிபா மணலும் வாதி பனி காலித் குளமும்: வயதான பெற்றோரோடு சாத்தியமா?

விடுமுறைக்காரன்

டிசம்பர் கடைசி வாரம் ஓமானில் மஸ்கட் வருகிறோம், மச்சான் வீட்டில் தங்கல். மொத்தம் ஆறு பேர். நான், மனைவி, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 71 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார், ஆனால் என்னைவிட வேகமாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி என்றாலே முகம் சுருங்கிவிடும்.

மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் தனி வண்டி பேசி, ஒரே நாளில் வஹிபா பாலைவன மணல்மேடுகளையும் வாதி பனி காலித் (வாதி என்றால் பள்ளத்தாக்கு ஓடை) குளங்களையும் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பிவிடலாம் என்று ஆசை. பாலைவன முகாமில் இரவு தங்க அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை, அது முடிந்த கதை.

இரண்டு இடத்தில் விலை கேட்டேன். ஒருவர் 150 ரியால் சொல்கிறார், இன்னொருவர் 90. ரெண்டு பேருமே "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்கிறார்கள். இவ்வளவு வித்தியாசம் ஏன்? எதை முதலில் பார்ப்பது? மணலில் வண்டி ஏறி இறங்கும்போது பெரியவர்கள் உட்காரலாமா? குளத்தில் பெண்கள் என்ன உடுப்பில் இறங்குவது? அம்மா சுத்த சைவம் வேறு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரூவிவாசி

முடியும். ஆனால் நாள் நீளம், அதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மஸ்கட்டிலிருந்து வாதி பனி காலித் போகவே மூன்று மணி நேரம் ஆகும். பித்பித், இப்ரா, பிதியா வழியாக சூர் போகிற சாலைதான். நல்ல இரட்டைச் சாலை, தூக்கம் வருகிற அளவுக்கு நேராக இருக்கும். மணலுக்கு வாசல் பிதியா. வாதிக்கு அதைத் தாண்டி இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய், மெயின் ரோட்டை விட்டு மலைக்குள் ஏற வேண்டும். போக வர சேர்த்து ஆறேழு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும்.

டிசம்பரில் என் ஓட்டு வாதி முதலில், மணல் அப்புறம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் குளத்தில் நிற்பீர்கள், கூட்டம் சேர்வதற்கு முன்னால். ஒரு மணி வரை அங்கே இருந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு பிதியா வந்து மணலுக்குள் போனால் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கலாம். அந்த மாதத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், அதனால் மத்தியானம் குளத்தில் அசந்து உட்கார்ந்துவிட்டால் மணல் கிடைக்காது. கோடையில் வருகிறவர்கள் இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும், விடிகாலையில் மணல், வெயில் ஏறியதும் தண்ணீர். 45 டிகிரியில் மூன்று மணிக்கு மணல்மேட்டில் நிற்பது யாருக்கும் நல்லதில்லை.

வெள்ளி, சனி இங்கே வார விடுமுறை. அந்த இரண்டு நாளும் குளத்துக்குப் போகவே வேண்டாம், பார்க்கிங்கிலிருந்தே கூட்டம் தொடங்கிவிடும். ஞாயிறு முதல் வியாழனுக்குள் ஒரு நாளை எடுங்கள்.

விலை விஷயம். 90 சொன்னவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மணலுக்குள் எந்த வண்டி போகும், அதை யார் ஓட்டுவார்கள்?" பெரும்பாலும் பதில் இப்படி இருக்கும், மஸ்கட்டிலிருந்து சாதாரண ஏழு சீட்டர், பிதியாவில் உள்ளூர் ஆள் ஒருவரின் ஃபோர் வீல் வண்டிக்கு மாற வேண்டும், அதற்குக் காசு தனி. இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கு அதுதான் வசதியாகக்கூட இருக்கலாம். ஆனால் "எல்லாம் சேர்த்து" என்ற வார்த்தைக்குள் அது இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். 150 சொன்னவரிடம் கேட்க வேண்டியது வேறு: அது நான்கு பேருக்கான விலையா, ஆறு பேருக்கானதா? லேண்ட் க்ரூஸரில் நான்கு பேருக்கு மேல் ஏற்றாதவர்கள் நிறைய. ஆறு பேர் என்றால் இரண்டு வண்டி என்று கடைசி நாளில் சொல்வார்கள்.

மணல்பைத்தியம்

ரூவிவாசி சொன்ன அந்த ஆறு பேர் கணக்குதான் இங்கே முக்கியம். ஓட்டுநரோடு ஏழு பேர் என்றால் இரண்டு பேர் மூன்றாவது வரிசையில் உட்கார வேண்டும். நெடுஞ்சாலையில் பிள்ளைகளை அங்கே உட்கார வைக்கலாம், மணலில் வேண்டவே வேண்டாம். பின் சக்கரத்துக்கு மேலேயே அந்த சீட் இருப்பதால் குலுக்கல் எல்லாம் அங்கேதான் இறங்கும், பத்து நிமிடத்தில் வாந்தி நிச்சயம்.

என் யோசனை: ஏழு சீட்டரில் பிதியா வரை வாருங்கள், அங்கே உள்ளூர் வண்டி ஒன்று பேசுங்கள். மணல் ஓரத்திலேயே பெதூயின் (பாலைவன நாடோடி மக்கள்) குடும்பங்கள் விருந்தினரை உட்கார வைக்கும் கூடாரங்கள் உண்டு. பாய், திண்டு, கஹ்வா என்கிற அரபுக் காபி, பேரீச்சம்பழம். அப்பா அம்மாவை மெதுவாக அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, நீங்கள் நான்கு பேரும் மேட்டில் ஏறுங்கள். அந்த வீட்டுப் பெண்கள் பின்னிய சாமான் விற்பார்கள், வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் கஹ்வா குடித்துவிட்டு ஏதாவது கொடுப்பதுதான் முறை. அவர்களைப் படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

ஸ்டென்ட் உள்ளவரை மேட்டில் தூக்கிப் போட்டு ஓட்டும் அந்த விளையாட்டில் உட்கார வைக்காதீர்கள், டாக்டர் சரி என்றால் ஒழிய. மூட்டு, முதுகு, கழுத்து வலி உள்ளவர்களுக்கும் அதே. அதற்காக அவர்கள் மணலையே பார்க்க முடியாது என்று இல்லை. மேடுகள் வடக்கு தெற்காக நீள நீளமாக வரிசை கட்டிக் கிடக்கும், சில இடத்தில் 100 மீட்டர் உயரம். இரண்டு வரிசைக்கு நடுவே சமதளமாக ஓடும் பள்ளத்தில்தான் முகாம்களுக்குப் போகும் தடம் இருக்கிறது. அதில் நிதானமாகப் போனால் பெரிய குலுக்கல் கிடையாது. ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இளவட்டப் பையன்கள் பின்னால் பெரியவர் இருப்பதையே மறந்துவிடுவார்கள், அவர்களுக்கு அது கௌரவப் பிரச்சினை.

நீங்களே ரெண்ட் எ கார் எடுத்து உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாதாரண வாடகைக் காருக்கு மணலில் இன்ஷூரன்ஸ் கிடையாது. டயரில் காற்றைப் பாதி அளவுக்கும் கீழே, 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், திரும்பும்போது மறுபடி அடைக்க வேண்டும். அதற்கென்றே பிதியாவில் கடைகள் இருக்கின்றன. உள்ளே கொஞ்ச தூரம் போனால் போனில் சிக்னலும் வந்து வந்து போகும்.

ஒரு உபரிச் செய்தி, அப்பாவுக்குப் பிடிக்கும்: மணலின் ஓரங்களில் தெரியும் பச்சை மரங்கள் நம் சிவன் கோயில்களில் நிற்கும் அதே வன்னி. இவர்கள் காஃப் என்பார்கள். மழையே இல்லாத இடத்தில் வேரை ஆழமாக இறக்கிக் காடாகவே நிற்கிறது. ஒட்டகத்துக்கு நிழலும் தீனியும் அதுதான்.

ரெட்டைவால் அம்மா

குளத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன்.

பார்க்கிங்கிலிருந்து முதல் பெரிய குளம் வரை வாய்க்கால் ஓரமாகவே நடை, பத்து நிமிடம் இருக்கும். கிட்டத்தட்ட சமதளம், முழங்கால் வலிக்காரர் மெதுவாக வந்துவிடலாம். குளத்துக்கு எதிரில் உணவகம், நிழல், உட்கார இடம், கழிப்பறை எல்லாம் உண்டு. அம்மா அங்கேயே உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கு மேலே பள்ளத்தாக்குக்குள் போகும் வழி வேறு ரகம். வழவழ பாறை, தாவித் தாவிப் போக வேண்டும். முகல் குகை வரை போகிறேன் என்று உங்கள் அப்பா கிளம்பினால் பிடித்து உட்கார வையுங்கள், அந்தக் குகைக்குள் டார்ச் பிடித்துக்கொண்டு தவழ வேண்டும்.

உடுப்பு: அது ஊர், பக்கத்திலேயே பேரீச்சந்தோப்பும் வீடுகளும் இருக்கின்றன. தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு முழு லெக்கிங்ஸ், அதன்மேல் கருப்பு அல்லது அடர்நிற டிஷர்ட் போதும். சேலை, துப்பட்டா, தொளதொள சுடிதாரோடு இறங்காதீர்கள், நனைந்தால் காலைச் சுற்றும், அது ஆபத்து. ஆண்களும் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரியக் கூடாது, டிஷர்ட்டும் முட்டிவரை ஷார்ட்ஸும் போடுங்கள்.

இப்போது நான் கொஞ்சம் பயமுறுத்தப் போகிறேன். பச்சையாகப் படத்தில் பார்க்க அழகாக இருக்கும் அந்தக் குளம் நல்ல ஆழம். கரையிலிருந்து மெதுவாக ஆழம் கூடும் என்று நினைக்காதீர்கள், ரெண்டு அடி வைத்ததும் கால் எட்டாத இடங்கள் உண்டு. யாராவது காவலுக்கு இருப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். பிள்ளைகள் இருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் கையோடு கொண்டு போங்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டை எல்லாம் பொம்மை. பெரியவனுக்கு நீச்சல் தெரியும் என்பீர்கள், நீச்சல் குளத்தில் கற்றவர்களுக்குப் பாறையில் ஏறி வெளியே வருவதுதான் சிரமம். மேலே இருந்து குதிக்கும் பையன்களைப் பார்த்து யாரும் குதிக்க வேண்டாம், அடியில் பாறை எங்கே என்று உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அவசர எண் 9999.

சின்னவளுக்கு ஆழமில்லாத ஓடை இடங்கள் இருக்கின்றன, காலை நீட்டி உட்கார்ந்தால் குட்டி மீன்கள் வந்து கொத்தும். அங்கிருந்து அவளைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. டிசம்பரில் தண்ணீர் முதலில் சிலிர்க்கும், அப்புறம் பழகிவிடும். சோப்பு, ஷாம்பு கூடவே கூடாது, அந்தத் தண்ணீர்தான் ஃபலஜ் வாய்க்கால் வழியாகத் தோப்புகளுக்குப் பாய்கிறது. முக்கியமாக, ஈரத் துணியோடு மணலுக்குப் போகாதீர்கள், முழு செட் மாற்றுடுப்பு எடுங்கள், சாயங்காலம் மணலில் குளிர் அடிக்கும், பெரியவர்களுக்கு ஸ்வெட்டர்.

சாப்பாடு: குளத்தோரக் கடையில் சோறு, பருப்பு, சாலட் இருக்கும், ஆனால் சுத்த சைவக்காரர் கறியும் சைவமும் அடுத்தடுத்து இருக்கும் மேஜையைப் பார்த்தாலே எழுந்துவிடுவார். எங்கள் மாமியாருக்கு நான் எப்போதும் புளிசாதம்தான் கட்டுவேன். வழியில் டீக்கு இப்ராவிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் மலையாளிகள் நடத்தும் கடைகள் நிறைய, பரோட்டாவும் கரக் டீயும் எப்போதும் கிடைக்கும்.

கடலோரவாசி

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், திட்ட வேண்டாம். பெரியவர்களோடு ஒரே நாள்தான் என்றால் மணலை விடுங்கள். கடற்கரைச் சாலையில் பிம்மா பள்ளம், ஃபின்ஸ் கடற்கரை, சூர் என்று போய்விட்டு வாருங்கள், ஓட்டம் குறைவு, கடல் கூடவே வரும். பிம்மாவில் பச்சைத் தண்ணீர் நிற்கும் பெரிய பள்ளம், படியிறங்கிக் குளிக்கலாம், இறங்க முடியாதவர்கள் மேலிருந்தே பார்க்கலாம். அதே சாலையில் வாதி ஷாப் என்று ஒன்று சொல்வார்கள், அதற்கு மட்டும் போகாதீர்கள், படகில் ஓடையைக் கடந்து முக்கால் மணி நேரம் பாறையில் நடந்தால்தான் குளம்.

ரூவிவாசி

கடலோரவாசி சொல்வதில் தப்பில்லை. ஆனால் விடுமுறைக்காரன் ஊரில் கடல் இருக்கிறது, மணல்மேடு இல்லை. பிள்ளைகள் கேட்கப் போவது மணலைத்தான்.

விடுமுறைக்காரன்

அனைவருக்கும் நன்றி. வீட்டில் வாசித்துக் காட்டினேன், வன்னி மரம் என்றதும் அப்பா தயார், அம்மா புளிசாதத்துக்குத் தயார். 90 சொன்னவரிடம் கேட்டேன், நீங்கள் சொன்னது சரி, மணல் வண்டி தனியாம். அதையும் சேர்த்து மொத்தமாக ஒரு விலை கேட்டிருக்கிறேன். ரெண்டு சந்தேகம். இரவு திரும்பும் சாலை பயமில்லையா? டிசம்பரில் மழை வந்தால் என்ன செய்வது?

மணல்பைத்தியம்

சாலைக்கு ஒன்றுமில்லை, ஒட்டகம்தான். இருட்டில் வெளிச்சம் பட்டாலும் அது நகராது, நீண்ட கால் என்பதால் மோதினால் உடம்பு நேராகக் கண்ணாடியில் வந்து விழும். பிதியாவிலிருந்து இப்ரா தாண்டும் வரை வேகத்தைக் குறைத்துப் போகச் சொல்லுங்கள். காலை ஆறரைக்கு வண்டி எடுத்தவர் ராத்திரி ஒன்பது வரை அதே ஆள் என்றால், மத்தியானம் நீங்கள் குளத்தில் இருக்கும்போது அவர் தூங்கட்டும், அங்கே அவரைச் சாமான் தூக்கக் கூப்பிடாதீர்கள்.

ரூவிவாசி

மழைக்கு ஒரே விதிதான். எச்சரிக்கை வந்தால் வாதிப் பக்கமே போகக் கூடாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் நீலமாக இருக்கும், மலைக்கு மேலே பெய்த மழை சில நிமிடங்களில் சுவர் மாதிரி இறங்கிவிடும். 2024 ஏப்ரலில் வடக்கு ஷர்கியா மாகாணத்தில் வந்த வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள், நீங்கள் கடக்கப்போகும் அதே வட்டாரம். தண்ணீர் ஓடும் வாதியை வண்டியோடு கடப்பது இங்கே சட்டப்படி குற்றம், ஓட்டுநர் "பரவாயில்லை சார், கொஞ்சம்தான் ஓடுகிறது" என்றால் இறங்கிவிடுங்கள். முந்தின நாள் ஓமான் வானிலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

வழிகாட்டியாக வருகிறவரிடம் பாரம்பரிய, சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்க வேண்டியவை: ஆறு பேர், மணல் வண்டி உட்பட மொத்த விலை, குளத்தில் மூன்று மணி நேரம், மணலில் சூரியன் மறையும் வரை, மழை எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றம் அல்லது முழுப் பணம் வாபஸ். கடைசி ஒன்றுக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.