வரி பாக்கிக்காக அப்பாவின் டிஸபிலிட்டி பென்ஷன் கணக்கை முடக்கிவிட்டார்கள், என்ன செய்வது?

கொழிஞ்சாம்பாறை மகள்:
அப்பா ராணுவத்தில் இருந்தவர். கால் போனதால் மெடிக்கல் போர்டு வைத்து இன்வாலிட் அவுட் செய்தார்கள், அதாவது உடல் தகுதி இல்லை என்று பணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்போது வயது 71. போன வாரம் மாத்திரை வாங்க ஏடிஎம்முக்குப் போனார், பணம் வரவில்லை. பாஸ்புக்கைப் பதிந்தால் இருப்பு 1,43,000 என்று காட்டுகிறது, ஆனால் எடுக்க முடியாது. வருமான வரி நோட்டீஸாம். "ஞங்ஙளுக்கு ஒந்நும் செய்யான் பற்றில்ல" என்று மேனேஜர் கையை விரித்துவிட்டார்.

2021-22இல் ரவுண்டிங் ஆஃப் அரியர்ஸ் (ஊனச் சதவீதத்தை உயர்த்திக் கணக்கிட்டதில் வந்த பழைய பாக்கி) 5.2 லட்சம் வந்தது, மாதப் பென்ஷன் 3.8 லட்சம். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் மொத்தத்தையும் சம்பளம் என்று காட்டிவிட்டார். வரி 83,200, வட்டியோடு லட்சத்தைத் தாண்டிவிட்டது. மெயில் எல்லாம் ரிட்டர்ன் போட்டவருடைய முகவரிக்கே போயிருக்கிறது, எங்களுக்குத் தெரியவே தெரியாது. பென்ஷனில் கை வைக்கலாமா?

கோவிந்தாபுரம் சுபேதார்:
தொட முடியாதம்மா. 1871ஆம் வருடப் பென்ஷன் சட்டம், பிரிவு 11. கடனுக்காகப் பென்ஷனை ஜப்தி செய்யக் கூடாது. நகல் எடுத்து மேனேஜர் மேசையில் வையுங்கள்.

வேலந்தாவளம் ஆடிட்டர்:
சுபேதார் சார் மன்னிக்கணும். அந்தப் பிரிவு கடன்காரர் கோர்ட் வழியாகச் செய்யும் ஜப்தியைப் பற்றியது. அதைக் காட்டினால் வரித்துறை நகராது. 1961 வருமான வரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, விதி 10ஐக் காட்டுங்கள்: உரிமையியல் நடைமுறைச் சட்டம் எதையெல்லாம் ஜப்தியிலிருந்து விலக்குகிறதோ, அதெல்லாம் வரி வசூலிலும் விலக்கு. அந்தச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் பென்ஷன் இருக்கிறது. கைக்கு வந்து வைப்புத்தொகையாகக் கிடந்தாலும் பென்ஷன் பென்ஷன்தான் என்று ராதேஷ்யாம் குப்தா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஆனால் மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கணக்கில் இருப்பதை வரி பாக்கிக்குக் கட்டச் சொல்லும் 226(3) பிரிவு நோட்டீஸ் வந்தால் மீற அவருக்கு வழியில்லை, மீறினால் பணம் பேங்க் தலையில் விழும். நோட்டீஸை மாற்றவோ திரும்பப் பெறவோ அதிகாரம் அதை அனுப்பிய அதிகாரிக்குத்தான். பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு), ஒரு வருட ஸ்டேட்மென்ட் இரண்டையும் வைத்து அவருக்கு எழுதுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இன்வாலிட் அவுட் ஆனவருக்கு சர்வீஸ் எலிமென்ட் (பணிக்கான பங்கு), டிஸபிலிட்டி எலிமென்ட் (ஊனத்துக்கான பங்கு) இரண்டுக்கும் வரியே கிடையாது. இல்லாத வரிக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது!

கொழிஞ்சாம்பாறை மகள்:
அண்ணா, அதே கணக்கில் தேங்காய்ப் பணமும் விழுகிறது. இரண்டு தடவை வெட்டிப் போட்டது, 38,000 இருக்கும்.

வேலந்தாவளம் ஆடிட்டர்:
அங்கேதான் சிக்கல். தேங்காய்ப் பணத்துக்குப் பென்ஷன் பாதுகாப்பு இல்லை. ஸ்டேட்மென்ட்டில் பென்ஷன் வரவை ஒரு கலரில், மற்றதை இன்னொரு கலரில் கோடு போட்டுக் கொடுங்கள். மறைத்துக் கேட்டால் மொத்தமும் சந்தேகத்துக்குள்ளாகும். இனிமேலாவது பென்ஷனுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். எங்கள் ஊரில் பாதிப்பேர் வைப்பதில்லை, சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வரியை ஒழிக்க முதலில் போர்ட்டலில் அந்த டிமாண்டை ஏற்கவில்லை என்று பதில் போடுங்கள். பிறகு வருமான வரிச் சட்டம் 154ஆம் பிரிவில் திருத்த மனு. உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு வருடம் வரை போடலாம். "நீங்களே சம்பளம் என்று காட்டினீர்களே" என்று தள்ளினாலும் தள்ளுவார்கள். அப்போது முதன்மை ஆணையரிடம் 264ஆம் பிரிவில் மறுஆய்வு மனு. அதற்குக் கெடு ஒரு வருடம், அது தாண்டிவிட்டது. ஆகவே தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் காரணம் எழுதணும். மெயில் யார் முகவரிக்குப் போனது என்பதுதான் உங்கள் காரணம். மெடிக்கல் போர்டு தாள் இருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறை மகள்:
டிரங்குப் பெட்டியில், அப்பாவின் பழைய பெல்ட்டுக்கு அடியில் கிடைத்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, சீல் படிக்க முடிகிறது.

கொழிஞ்சாம்பாறை மகள் (ஐந்து வாரம் கழித்து):
பென்ஷன் பங்கை விடுவித்துவிட்டார்கள். தேங்காய்ப் பணம் இன்னும் நிற்கிறது. 154 தள்ளுபடி, ஆடிட்டர் அண்ணா சொன்ன அதே காரணம். 264 மனு நேற்றுப் போட்டாச்சு. மெயில் முகவரியை அப்பாவே மாற்றினார், ஓடிபியை இரண்டு தடவை தப்பாக அடித்து.