பெரியப்பா கம்ப்யூட்டரும் ஃபயர்வாலும்: ‘சோமனூர் ஊட்டு ஒறம்பரை’ என்கிற சொந்தக்காரர்கள் குழுவில் பேசியது

*திங்கள்*

சோமனூர் பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊட்டு கம்ப்யூட்டர் மறுபடியும் படுத்துக்கொண்டது. பில் போட்டுக்கொண்டு இருக்கும்போதே திரை நீலமாகி, தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும். ரிப்பேர் பார்க்கிறவர் வந்து பார்த்தார். வைரஸ் ஏறிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும், கூடவே நெட் வழியாக யாரும் உள்ளே நுழையாமல் தடுக்கும் நல்ல ஃபயர்வால் ஒன்று காசு கொடுத்து வாங்குங்கள் என்கிறார். எதை வாங்கலாம்?

ஈரோடு மாமா: மச்சான், எங்கள் மஞ்சள் மண்டியில் ஆன்டிவைரஸ், ஃபயர்வால் எல்லாம் ஒன்றாக வரும் பேக்கேஜ்தான் போட்டிருக்கிறோம். வருஷச் சந்தா. அதையே போட்டுவிடுங்கள்.

பெருந்துறை தம்பி: பெரியப்பா, ஒரு மினி பிசி வாங்கினால் அதில் ஓபிஎன்சென்ஸ் என்கிற ஃபயர்வால் மென்பொருளைப் போட்டுத் தருகிறேன். மென்பொருள் இலவசம். ஊட்டுக்கு வரும் மொத்த இன்டர்நெட்டும் அதன் வழியாகத்தான் போகும்.

கோவை அக்கா: பெரியப்பா, ஒரு நிமிஷம். இன்றைக்கு எதையும் அழிக்க வேண்டாம், எதையும் வாங்கவும் வேண்டாம். முதல் வேலையாகக் கணக்கு வைத்திருக்கும் டேலியில் பேக்கப் எடுத்து பென்டிரைவில் போடுங்கள். போட்டதும் பென்டிரைவைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள், செருகியபடியே விட வேண்டாம். பில்லும் கணக்கும் பத்திரமாக இருந்தால் மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

அப்புறம் மூன்று கேள்வி. நீலத் திரை வரும்போது கீழே என்ன எழுத்து வருகிறது? நீலத் திரையே வராமல் பொசுக்கென்று அணைந்துபோவதும் உண்டா? இந்தத் தொந்தரவு ஆரம்பிப்பதற்கு முன்னால் புதிதாக என்ன போட்டீர்கள்?

சோமனூர் பெரியப்பா: பேக்கப் எடுத்துவிட்டேன் அம்மிணி. மத்தியானம் தறி எல்லாம் ஓடும்போது பொசுக்கென்று அணைவதும் உண்டு. அப்போது நீலமெல்லாம் வராது. புதிதாக ஒன்றும் போடவில்லையே.

சோமனூர் பெரியம்மா: போன மாசம் ரிப்பேர்காரர் ஏதோ பாதுகாப்பு சாஃப்ட்வேர் என்று ஒன்று போட்டுவிட்டுப் போனாரே. ஏற்கெனவே ஒன்று இருந்தது, அதை எடுக்காமலே போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கோவை அக்கா: பெரியம்மா, இந்த ஒரு தகவல் பாதி வேலையை முடித்துவிட்டது! பெரியப்பா, ஸ்டார்ட் பக்கத்தில் தேடும் இடத்தில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று வரும். திறந்தால் தேதி வாரியாகக் கட்டம் கட்டமாக இருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

சோமனூர் பெரியப்பா: (படம்)

கோவை அக்கா: பாருங்கள். சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருக்கிற நாளெல்லாம் கம்ப்யூட்டர் நின்ற நாள். முதல் சிவப்புக்கு முந்தின கட்டத்தில் நீல வட்டம் இருக்கிறதே, அன்றைக்குத்தான் அந்த இரண்டாவது பாதுகாப்பு மென்பொருள் ஏறியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சிவப்பு கூட இல்லை.

சோமனூர் பெரியப்பா: நீலத் திரையும் இப்போது வந்தது. (படம்)

கோவை அக்கா: ‘டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’. அதற்குக் கீழே ‘வாட் ஃபெயில்ட்’ என்று போட்டு, டாட் சிஸ் என்று முடியும் ஒரு ஃபைல் பெயர் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸுக்குள் போட்டு வைத்திருக்கும் டிரைவர் என்கிற துணை நிரல்தான் அது. டிரைவர் ஒன்று தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டால் விண்டோஸ் இப்படி நின்றுவிடும். வைரஸ் என்பதற்கு இதில் ஒரு தடயமும் இல்லை.

வெளியிலிருந்து ஒரு ஆன்டிவைரஸ் போட்டால் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் வெளியிலிருந்து இரண்டு போட்டால் ஒன்றுக்காக இன்னொன்று ஒதுங்காது. இரண்டும் விண்டோஸின் அடிமட்டமான கெர்னல் வரைக்கும் இறங்கி, வருகிற ஒவ்வொரு தகவலையும் நான்தான் பார்ப்பேன் என்று மோதும். இதற்கு மேல் மூன்றாவதாக ஒரு ஃபயர்வால் வாங்கிப் போட்டால் இன்னும் மோசமாகும்.

ஈரோடு மாமா: பாதுகாப்புக்குப் போடுவதே கம்ப்யூட்டரை நிறுத்துமா கண்ணு? நம்பவே முடியவில்லை.

கோவை அக்கா: நிறுத்தும் மாமா. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? ஏர்போர்ட்டில் இண்டிகோக்காரர்கள் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள். கிரவுட்ஸ்டிரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தப்பான அப்டேட்தான் காரணம். உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன என்று மைக்ரோசாஃப்டே கணக்குச் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி என்றால், ஊட்டில் இரண்டை ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும்?

சோமனூர் பெரியப்பா: சரி, இப்போது என்ன செய்வது?

கோவை அக்கா: இரண்டையும் எடுத்துவிடலாம். சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தால் டிரைவர் மிச்சம் மீதி உள்ளேயே கிடக்கும். அதனால் அந்தந்த நிறுவனமே தருகிற நீக்கும் கருவியை இறக்கி, அத்தியாவசியமானது மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், அங்கே ரீஸ்டார்ட் கொடுத்து 4 அழுத்தினால் சேஃப் மோட். பொழுதோட நான் வீடியோ காலில் இருக்கிறேன், சேர்ந்தே செய்யலாம்.

*செவ்வாய்*

சோமனூர் பெரியப்பா: நேற்று ராத்திரி இரண்டையும் எடுத்தாயிற்று. காலையிலிருந்து நீலம் இல்லை. ஆனால் இப்போது மத்தியானம் பொசுக்கென்று அணைந்துவிட்டது.

பெருந்துறை தம்பி: விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருக்கும் பாருங்கள் பெரியப்பா. அதுதான் எரர்.

கோவை அக்கா: தம்பி, 41 என்பது ‘முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் அணைந்தது’ என்று மட்டும்தான் சொல்லும். ஏன் அணைந்தது என்று சொல்லாது. அதன் டீட்டெய்ல்ஸில் பக்செக் கோடு என்று நீலத் திரை எரரின் எண்ணைக் காட்டும் ஒரு வரி இருக்கும், பூஜ்ஜியமா பார்.

பெருந்துறை தம்பி: பெரியப்பா போட்டோ அனுப்பினார். பூஜ்ஜியம்தான் அக்கா.

கோவை அக்கா: அப்படியென்றால் விண்டோஸ் எதையும் எழுதி வைப்பதற்குள்ளேயே அணைந்திருக்கிறது. பெரும்பாலும் கரண்ட் அல்லது சூடு. பெரியப்பா, சிபியு பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

சோமனூர் பெரியப்பா: வாங்கியதிலிருந்து திறந்ததில்லை.

கோவை அக்கா: தறிக்குடோனுக்கு ஒட்டின ரூமில் இருக்கிற கம்ப்யூட்டர்! கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை வாசலுக்குத் தூக்கி வந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள்.

சோமனூர் பெரியப்பா: (படம்)

சோமனூர் பெரியம்மா: ஐயோ! ஃபேனைக் கழற்றினால் அடியில் பவானி ஜமக்காளம் விரித்த மாதிரி பஞ்சு!

கோவை அக்கா: அதுதான் பெரியம்மா. பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க் தகடுகள் இழுக்கும், ஃபேன் காற்றடித்து அந்தத் தகடுகளை ஆற்றும். நடுவில் பஞ்சு படிந்தால் காற்று தகடுக்கே போகாது. சூடு எல்லை தாண்டினால், கருகிப்போகாமல் இருக்க பிராசஸர் தன்னையே அணைத்துக்கொள்ளும். மத்தியானம் வெயிலும் சேர்ந்துகொள்கிறது, அதனால்தான் அந்த நேரத்திலேயே வருகிறது.

மெத்தென்ற பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் சர்க்யூட்டைக் கெடுக்கும். தறிக்கு வைத்திருக்கும் கம்ப்ரசரால் அடிப்பதானால் முதலில் அதன் தண்ணீரை வடித்துவிட்டு, தூரத்தில் பிடித்து மெதுவாக அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும். ஹீட்சிங்கையே கழற்றிவிட்டீர்கள் என்றால் அடியில் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுசு வைக்காமல் மாட்டக் கூடாது. இனிமேல் பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம், மேஜை மேல் வையுங்கள்.

இன்னொன்று. ஊட்டு இன்வெர்ட்டரில்தானே ஓடுகிறது? அதில் யூபிஎஸ் மோட், எக்கோ மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எக்கோவில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்த இடைவெளியை கம்ப்யூட்டர் தாங்காது. யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

சோமனூர் பெரியப்பா: எக்கோவில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன்.

கோவை அக்கா: ராத்திரி தூங்கப் போகும்போது ஸ்டார்ட்டில் எம்டிஷெட் (mdsched) என்று ஆங்கிலத்தில் அடித்து, மெமரி டெஸ்ட்டை ஓட விட்டுவிடுங்கள். ரேம் பழுதா என்று அதில் தெரிந்துவிடும்.

*வியாழன்*

சோமனூர் பெரியப்பா: மெமரியில் எரர் இல்லை என்று வந்தது. நேற்று முழுக்க ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஜிஎஸ்டிஆர்-1 போட்டுவிட்டேன். சரி அம்மிணி, இருந்த இரண்டையும் எடுத்துவிட்டோமே, இப்போது ஃபயர்வாலுக்கு என்ன வழி?

கோவை அக்கா: சந்தோஷம் பெரியப்பா! ஃபயர்வால் உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, இரண்டுக்கும் காசு கொடுத்தாயிற்று.

ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது. 2004இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்து விண்டோஸோடு ஆன் ஆகியே வருகிறது. வெளியிலிருந்து அழைக்காமல் வரும் இணைப்பை, அனுமதி கொடுத்தது போக, உள்ளே விடாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்ஷன்’ திறந்து, டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றும் ஆனில் இருக்கிறதா பாருங்கள். பழைய மென்பொருளை எடுத்த பிறகு சில சமயம் ஆஃபிலேயே நின்றுவிடும், அதனால் கட்டாயம் பாருங்கள். டிஃபெண்டரும் இனி தானாக முழித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, ஃபைபர் கனெக்ஷனோடு வந்த ரவுட்டர். வீட்டு ஆபத்தில் பெரும்பங்கு அதன் செட்டிங்கில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. உள்ளே நுழையும் பாஸ்வேர்ட் இன்னும் ‘அட்மின்’ என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். பட்டன் அழுத்தி வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ், கருவிகள் தாமாகவே வழி திறந்துகொள்ளும் யூபிஎன்பி, வெளியிலிருந்து ரவுட்டரை இயக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்ட் மூன்றையும் அணையுங்கள். அப்புறம் ஐபிவி6 என்கிற புது இணைய முகவரி முறைக்கான ஐபிவி6 ஃபயர்வால் என்று ஒன்று இருக்கும், அது ஆனில் இருக்க வேண்டும். பழைய ஐபிவி4இல் வீட்டுக் கருவிகள் எல்லாம் ரவுட்டரின் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஐபிவி6இல் ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து தெரிகிற சொந்த முகவரியே வந்துவிடும். அந்த இடத்தில் ரவுட்டர் ஃபயர்வால் அணைந்திருந்தால் கேமரா, டிவி, பிரிண்டர் எல்லாம் வெளியே தெரியும். நம் பக்கம் நிறைய கனெக்ஷன் ஐபிவி6இல்தான் ஓடுகிறது.

பெருந்துறை தம்பி: அப்போ ஓபிஎன்சென்ஸ் வேண்டாமா அக்கா?

கோவை அக்கா: நீ கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்லது கிடையாது தம்பி, ஹாஸ்டலில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார். ஆனால் அதற்கு இரண்டு நெட்வொர்க் போர்ட் வேண்டும், மாசாமாசம் அப்டேட் செய்ய ஆள் வேண்டும். ஏதாவது தப்பாகி ஊட்டில் நெட் நின்றால் பெரியப்பா சரக்கு அனுப்ப ஈ-வே பில் போட முடியாது, நீ பெருந்துறையிலிருந்து ஓடி வர வேண்டும். பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஃபயர்வாலை வைக்கவே கூடாது.

எந்த மென்பொருள் வெளியே பேசுகிறது என்று கட்டுப்படுத்த வேண்டும் என்றால் டைனிவால் என்று ஒன்று இருக்கிறது. இலவசம். தனியாக டிரைவர் போடாமல் விண்டோஸிலேயே இருக்கும் வடிகட்டும் வசதியை வைத்து வேலை செய்யும், அதனால் இந்த மாதிரி டிரைவர் மோதல் வராது. பெரியப்பாவுக்கு அதுவும் இப்போது தேவைப்படாது.

தேவை வேறு ஒன்று. உங்களுடையது விண்டோஸ் 10. அதற்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. நீட்டிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அப்டேட் இல்லாத விண்டோஸை ஃபயர்வால் காப்பாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

பொள்ளாச்சி சித்தி: கண்ணு, நடுவில் ஒன்று கேட்கிறேன். என் லேப்டாப்பில் வைரஸ் வந்துவிட்டது, மைக்ரோசாஃப்டுக்கு இந்த நம்பரில் கூப்பிடுங்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. கூப்பிடட்டுமா?

கோவை அக்கா: சித்தி, கூப்பிடவே கூப்பிடாதீர்கள்! மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் போன் நம்பர் வரவே வராது. அது வெறும் வெப் பக்கம். ஆல்ட்டும் எஃப்4ம் சேர்த்து அழுத்தி மூடுங்கள், மூடவில்லை என்றால் லேப்டாப்பை அணைத்து ஆன் செய்யுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். தூரத்திலிருந்து லேப்டாப்பை இயக்க விடும் எனிடெஸ்க் மாதிரி எதையாவது இறக்கச் சொன்னால் இறக்காதீர்கள். நாமே கதவைத் திறந்து விட்டால் எந்த ஃபயர்வாலும் தடுக்காது.

பொள்ளாச்சி சித்தி: மூடிவிட்டேன். போய்விட்டது. கை நடுங்கிவிட்டது கண்ணு.

கோவை அக்கா: நல்ல வேளை முதலிலேயே கேட்டீர்கள். எல்லாரும் 1930ஐ போனில் சேமித்து வையுங்கள். யாராவது பணம் எடுத்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

ஈரோடு மாமா: கண்ணு, மண்டி சிசிடிவியை வீட்டிலிருந்து போனில் பார்க்க ரவுட்டரில் ஏதோ போர்ட் திறந்து வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆபத்தா?

கோவை அக்கா: அதுதான் இந்தக் குழுவிலேயே பெரிய ஆபத்து மாமா. 2016இல் மிராய் என்று ஒரு தீநிரல், கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த கேமராக்களையும், கேமரா பதிவுப் பெட்டிகளான டிவிஆர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அவற்றை வைத்தே அக்டோபர் 21 அன்று, வெப்சைட் பெயர்களுக்கு முகவரி கண்டுபிடித்துத் தரும் டைன் என்கிற நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் பெரிய பெரிய வெப்சைட் எல்லாம் திறக்கவில்லை. டிவிஆர் பாஸ்வேர்டை இப்போதே மாற்றுங்கள். நீங்கள் சொன்ன அந்தத் திறந்த போர்ட்டை, அதாவது போர்ட் ஃபார்வர்டிங்கை, நான் எடுத்துவிட்டு, வேறு வழியில் போனில் பார்க்கிற மாதிரி வைத்துத் தருகிறேன்.

ஈரோடு மாமா: எப்போது கூப்பிடட்டும்?

கோவை அக்கா: பொழுதோட ஏழு மணிக்கு மேல் மாமா. மண்டியில் ரவுட்டர் பக்கத்திலேயே இருங்கள், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதை இங்கே போட்டோ போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.