கொலீஜியம்: ‘நியமனக் குழு’ பொருந்துமா?

வணக்கம்.

யாரை நீதிபதியாக்கலாம் என்று அரசுக்குச் சொல்லும் மூத்த நீதிபதிகளின் குழுவே கொலீஜியம். அதற்குத் தமிழில் ‘நியமனக் குழு’ என்று பெயரிடும் முன்மொழிவை ஏற்க இயலவில்லை. கொலீஜியம் யாரையும் நியமிப்பதில்லை. இந்திய அரசியலமைப்பின் உறுப்பு 124(2), 217(1) இரண்டின்படியும் நியமன ஆணையில் கையெழுத்திடுபவர் குடியரசுத் தலைவர். ‘தேர்வுக் குழு’வும் போதாது, உறுப்பு 222இன் கீழ் நீதிபதிகளின் இடமாற்றத்தையும் இதே குழுதான் சொல்கிறது.

‘ஆணையம்’ கூடவே கூடாது. கொலீஜியம் என்ற சொல் அரசியலமைப்பில் எங்கும் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 1993 தீர்ப்பிலும் 1998 கருத்துரையிலும் உருவான ஏற்பாடு அது. அதற்கு மாற்றாக அரசியலமைப்பின் 99ஆம் திருத்தம் கொண்டுவந்த அறுவர் அமைப்புதான் தேசிய நீதித்துறை நியமன ஆணையம். அதை 2015இல் உச்ச நீதிமன்றம் 4:1 என்று செல்லாததாக்கியது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்தத் தீர்ப்பைத் தமிழில் எழுதவே முடியாது.

நீதிபதிகளை அமர்த்தும் வினை நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் அதிபர் முன்மொழிகிறார், செனட் ஒப்புதல் தருகிறது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு 16 நீதிபதிகள். பாதிப்பேரை மக்களவையான பன்டஸ்டாக்கும் பாதிப்பேரை மாநிலங்களின் அவையான பன்டஸ்ராட்டும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தேர்ந்தெடுக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அந்நாட்டு நீதித்துறைப் பணி ஆணையம் காலியிடங்களைவிட மூன்று பெயர் கூடுதலாகப் பட்டியல் தருகிறது; அதிலிருந்து அதிபர் எடுக்கிறார். இந்தியாவுக்குரிய வினை ‘பரிந்துரை’. எனவே ‘பரிந்துரைக் குழு’ என்கிறேன்.

—

வணக்கம் ஐயா. பரிந்துரை என்றால் ஏற்கலாம், தள்ளலாம் என்றல்லவா பொருள்படும்? அரசு திருப்பி அனுப்பிய பெயரைக் குழு ஒருமனதாக மறுபடியும் அனுப்பினால் அரசு கட்டுப்பட வேண்டும். அந்த வலு சொல்லில் இல்லை. ‘மூத்தோரவை’ அல்லது ‘நீதிபதிகள் குழாம்’ எப்படி?

—

செனட்டுக்கு ‘மூதவை’ ஏற்கெனவே வழங்குவதால் மூத்தோரவை அதோடு மோதும். இலங்கையில் ‘நீதியரசர்கள் குழாம்’ என்றால் வழக்கை விசாரிக்கும் அமர்வு. அங்கே ‘உயர் நீதிமன்றம்’ என்பதே நாட்டின் தலைமை நீதிமன்றம். நம் உயர் நீதிமன்றத்தோடு சேர்த்து ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுபவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் இது. அங்குள்ள வாசகரையும் குழப்பாத சொல்லே வேண்டும்.

கட்டுப்படுத்தும் வலு பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது முதல் பரிந்துரைக்குக் கிடையாது, இரண்டாவதற்குத்தான். ஆகவே அதற்குத் தனிச்சொல் வைப்போம்: ‘மீள்பரிந்துரை’. நடைமுறையில் அரசு கோப்பைத் திருப்பியும் அனுப்பாமல் ஆணையும் வெளியிடாமல் வைத்துக்கொள்வதும் உண்டு. அது மறுப்பாகாது, ‘நிலுவை’ என்றே எழுத வேண்டும்.

‘கலந்தாய்வு’, ‘இசைவு’ இரண்டையும் கலக்கக் கூடாது. மேற்சொன்ன உறுப்புகளில் இருப்பது தலைமை நீதிபதியோடு கலந்தாய்வு. அதை இசைவு என்று நீதிமன்றம் பொருள்கொண்டதுதான் 1993 தீர்ப்பின் உயிர்.

இன்னொன்று: உச்ச நீதிமன்ற நியமனத்துக்குத் தலைமை நீதிபதியும் மூத்த நால்வரும், உயர் நீதிமன்ற நியமனத்துக்கு அவரும் மூத்த இருவரும். அதற்கு முன்பே அந்தந்த உயர் நீதிமன்றத்திலும் மூவர் குழு கூடிப் பெயர்களை அனுப்புகிறது. வெறும் ‘பரிந்துரைக் குழு’ என்றால் எது என்று தெரியாது. நீதிமன்றத்தின் பெயரை ஒட்டியே எழுதவேண்டும்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “உயர் நீதிமன்றப் பரிந்துரைக் குழு அனுப்பிய ஐந்து பெயர்களில் மூன்றை உச்ச நீதிமன்றப் பரிந்துரைக் குழு ஏற்றது, அரசு திருப்பிய ஒன்றை மீள்பரிந்துரை செய்தது.” தடுக்காமல் ஓடுகிறது. முதல் இடத்தில் மட்டும் ‘கொலீஜியம் எனப்படும்’ என்று சேர்த்தால் நாளிதழ் வாசகருக்கும் பிடிபடும்.